முணுமுணுக்கும் வரிகள்

பெண்களை இழிவுபடுத்தும் பாட்டைக் கேட்டால் ஓர் ஆண் பெண்ணிடம் கடுமையாக நடந்துகொள்வானா? இந்தக் கேள்வியை ஓர் இளைஞனிடம் நேராகக் கேட்டால் "சேச்சே, பாட்டு வேற, நான் வேற" என்பான். மனதாரத்தான் சொல்வான். தனக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே ஜெர்மன் உளவியலாளர்களான பீட்டர் ஃபிஷரும் டோபியாஸ் கிரைட்டமையரும் அவனிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கையில் மிளகாய் சாஸைக் கொடுத்தார்கள்.

2006-இல் வெளியான அவர்களது ஆய்வில், இளைஞர்களில் ஒரு சாரார் பெண் வெறுப்பு வரிகள் கொண்ட பாடல்களைக் கேட்டார்கள். இன்னொரு சாரார் அந்த வாடையே இல்லாத சாதாரணப் பாடல்களைக் கேட்டார்கள். அது முடிந்ததும், வேறொரு சோதனை என்று சொல்லி, இன்னொருவருக்குக் கொடுப்பதற்கான கார சாஸின் அளவை அவர்களே தீர்மானிக்கலாம் என்றார்கள். அந்த இன்னொருவர் சிலருக்கு ஆண், சிலருக்குப் பெண். பெண் வெறுப்புப் பாட்டைக் கேட்டு வந்தவர்கள், எதிரில் இருப்பது பெண் என்றால் சாஸைத் தாராளமாக ஊற்றினார்கள். ஆண் என்றால் அந்தத் தாராளம் இல்லை. அடுத்தடுத்த சோதனைகளில், அந்தப் பாடல்களைக் கேட்டவர்களுக்குப் பெண்களைப் பற்றிய கெட்ட குணங்களே அதிகம் நினைவுக்கு வந்தன. ஆண்களைத் திட்டும் பாடல்களைப் பெண்களுக்குப் போட்டபோது அதே கதை திசை மாறி நடந்தது.

ஒரு பாட்டு ஓடும் நேரம் நாலைந்து நிமிடம். அதற்குள் கை சாயும் அளவு மாறிவிட்டது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு "ஆபாசப் பாட்டு இளைஞர்களைக் கெடுக்கிறது" என்று தலைப்புப் போட்டுவிட முடியாது. சோதனைக்கு வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, வளர்ந்தவர்கள். அளந்தது, பாட்டு முடிந்த கையோடு. மறுநாள் காலையில் அதே இளைஞன் தன் தங்கைக்கு எவ்வளவு காரம் வைப்பான் என்று யாரும் அளக்கவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளும் பாட்டு வரிகளும் பற்றிய அறிவியல் முழுவதுமே இப்படித்தான்: பதில் ஒன்று கிடைக்கும், அதன் பக்கத்திலேயே இன்னும் கடினமான கேள்வி ஒன்று நிற்கும். பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் இந்த இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அந்த நாலைந்து நிமிடத்தில் மூளையில் என்னதான் நடக்கிறது? அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஆண்டர்சனும் அவரது குழுவினரும் 2003-இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். ஐந்து சோதனைகள், பங்கேற்ற கல்லூரி மாணவர்கள் ஐந்நூறுக்கும் மேல். வன்முறை வரிகள் கொண்ட பாட்டையும், வன்முறை இல்லாத பாட்டையும் தனித்தனிக் குழுவுக்குப் போட்டுவிட்டு, எழுத்து விடுபட்ட சொற்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். தமிழில் அந்தச் சோதனையை நடத்துவதாக இருந்தால் 'வெட்' என்று எழுதிக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லலாம். ஒருவர் 'வெட்கம்' என்று எழுதுவார், இன்னொருவர் 'வெட்டு' என்று எழுதுவார். இரண்டும் சரிதான். ஆனால் எது முதலில் நாக்கு நுனிக்கு வருகிறது என்பதில், சற்று முன் காதில் விழுந்த பாட்டுக்குப் பங்கு இருக்கிறது. வன்முறைப் பாட்டைக் கேட்டவர்களுக்கு வன்முறைச் சொற்களே விரைவாகக் கைக்கு வந்தன. வேடிக்கையாக எழுதப்பட்ட வன்முறைப் பாடல்களை வைத்துப் பார்த்தபோதும் வன்மையான எண்ணங்கள் கூடவே செய்தன.

உளவியலில் இதை முன்தூண்டல் என்கிறார்கள். ஒரு சொல் உள்ளே நுழைந்தால் அதன் சொந்தபந்தங்கள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் அடங்கியும்விடுகின்றன. ஆண்டர்சன் குழுவினரே இது குறுகிய கால விளைவு என்று சொல்லித்தான் எழுதினார்கள். அடுத்து வருவது அமைதியான பாட்டாக இருந்தால் எல்லாம் தணிந்துவிடக் கூடும். சிக்கல் எங்கே என்றால், பதின்வயதுப் பிள்ளைக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதே மாதிரிப் பாட்டுதான். ஹெட்போனில், ரீல்ஸில், டவுன் பஸ்ஸில், டீக்கடையில் என்று எங்கே திரும்பினாலும் அந்த மாதத்து ஹிட் ஓடுகிறது.

இங்கே தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளம் வடிந்த கையோடு, இணையத்தில் ஒரு பாடல் கசிந்தது. பெண்ணுறுப்பைக் குறிக்கும் வசைச் சொல் வருகிற இடத்தில் 'பீப்' ஒலியைப் போட்டு மூடியிருந்ததால் 'பீப் பாடல்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன. "சொல்லைத்தான் மறைத்துவிட்டார்களே" என்று அன்றைக்குச் சிலர் வக்காலத்து வாங்கினார்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்று நினைவாற்றல் ஆய்வு நீண்ட காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் நார்மன் ஸ்லமேக்காவும் பீட்டர் கிராஃபும் 1978-இல் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குச் சொல்லை முழுதாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வேறு சிலருக்கு ஒரு குறிப்பும் முதல் எழுத்தும் மட்டும் கொடுத்து, மீதியை அவர்களே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பிறகு நினைவில் இருப்பதைச் சோதித்தால், தானே முடித்த சொல்லைத்தான் மனிதர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் பலவிதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அசையாமல் நிற்கும் முடிவு இது. பீப் ஒலி அந்தச் சோதனையைத்தான் கேட்பவரின் தலைக்குள் நடத்துகிறது என்பது என் கணிப்பு. சந்தமும் எதுகையும் முதல் எழுத்தும் இருக்கின்றன. சொல் மட்டும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைத் தானே நிரப்பிக்கொள்கிறான். பாடகர் சொல்லாததை இவன் சொல்லிவிடுகிறான். மூடி வைத்ததால் அந்தச் சொல் மனதில் இன்னும் ஆழமாகத்தான் பதிகிறது.

"வரியை யார் சார் கேக்கறா, பீட்டுக்குத்தான் கேக்கறோம்" என்பது பிள்ளைகள் எப்போதும் சொல்லும் பதில். அதில் உண்மை இருக்கிறது. 1980-களில் தெற்கு கலிஃபோர்னியாவில் லோரைன் பிரின்ஸ்கியும் ஜில் ரோசன்பாமும் பதின்வயது மாணவர்களிடம் அவரவருக்குப் பிடித்த பாடல்களைக் கேட்டு, அவை எதைப் பற்றியவை என்று எழுதச் சொன்னார்கள். உயிரைக் கொடுத்துக் கேட்கும் பாட்டாயிற்றே, எழுதித் தள்ளுவார்கள் என்று நினைப்போம். மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அவர்களால் விளக்கம் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் காமமும் சாத்தானும் இருப்பதாகக் கண்ட இடங்களில், பிள்ளைகள் காதலையும் நட்பையும் வளர்வதன் குழப்பத்தையும் கண்டார்கள். அதே காலத்தில் பாட்ரிஷியா கிரீன்ஃபீல்டு என்ற உளவியலாளர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடிய 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலை வெவ்வேறு வயதினருக்குப் போட்டுப் பார்த்தார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவனின் கசப்பைச் சொல்லும் பாட்டு அது. கேட்பவரின் வயது குறையக் குறைய, அந்தக் கசப்பு அவர்களை எட்டவே இல்லை.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? கேட்பவருக்குப் புரியாததெல்லாம் அவரை விட்டு விலகிவிடும் என்று நினைப்பதுதான் தப்பு. பாட்டு வரி மனதில் தங்குவதற்கு அர்த்தம் தேவையே இல்லை. ஐந்து வயதில் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த பாட்டுக்குப் பதினைந்தில் பொருள் தெரிந்து தூக்கிவாரிப் போட்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. சந்தமும் மெட்டும் சேர்ந்தால், திரும்பத் திரும்பக் கேட்கும்போது உரைநடையைவிடச் சொற்கள் எளிதாக மனப்பாடமாகின்றன. கதை ஒன்றை ஒரு பிள்ளை இரண்டு முறை படித்தால் அதிகம். படத்தை மூன்று முறை பார்த்தால் அதிகம். பாட்டை ஒரே மாதத்தில் நூறு முறை கேட்கிறது. 1968-இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டிய உண்மை ஒன்று உண்டு: ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டினாலே போதும், காரணம் எதுவும் இல்லாமல் அதன் மீது பிடிப்பு வந்துவிடும். அவர் பயன்படுத்தியவற்றில் அர்த்தமே இல்லாத சொற்களும் இருந்தன. முதல் தடவை காதில் விழுந்தபோது முகம் சுளிக்க வைத்த வரி, ஐம்பதாவது தடவையில் பழகிய முகமாகிவிடுகிறது. எனக்கு இதுதான் வசைச் சொல்லைவிடப் பெரிய கவலை. கெட்ட வார்த்தையைப் பிள்ளைகள் எப்படியும் கற்றுக்கொள்வார்கள், அதற்குப் பாட்டு வேண்டியதில்லை. அருவருப்பு தேய்ந்துபோவதற்குத்தான் பாட்டு வழி செய்கிறது.

ஏன் குறிப்பாகப் பதின்வயது? அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். அவ்வளவாகப் பிரபலமாகாத கலைஞர்களின் பாடல்களை மைஸ்பேஸ் தளத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் 15 விநாடிகள் போட்டு, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அதே பாட்டை இன்னொரு முறை போட்டார்கள். இந்தத் தடவை பெரும்பாலான பாடல்களோடு, அது எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதை நட்சத்திரக் குறியில் காட்டினார்கள். மறுபடியும் மதிப்பெண் போடச் சொன்னார்கள்.

நட்சத்திரத்தைக் காட்டாத பாடல்களுக்குப் பிள்ளைகள் மதிப்பெண்ணை மாற்றியது குறைவு. காட்டியவற்றுக்கு மாற்றியது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் நட்சத்திரம் காட்டிய பக்கமே சாய்ந்தார்கள். அதைவிட முக்கியம் ஸ்கேனில் தெரிந்தது. பாட்டு பிடிப்பதற்கும் மூளையின் இன்பப் பகுதிகளுக்கும் தொடர்பு இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஊரோடு ஒத்துப்போக யார் அதிகம் மாறினார்களோ, அவர்களது மூளையில் 'முன் இன்சுலா' என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. வலி, பதற்றம், அசௌகரியம் இவற்றோடு தொடர்புள்ள பகுதி அது. தன் ரசனையும் ஊர் ரசனையும் ஒத்துப்போகவில்லை என்று தெரியும்போது ஒரு பதற்றம் எழுகிறது, அதைத் தணித்துக்கொள்ளத்தான் பிள்ளை தன் மதிப்பெண்ணைத் திருத்துகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் இருந்தது கூட்டத்தில் இல்லை, தனியாக ஒரு குழாய்க்குள். நட்சத்திரம் போட்டவர்கள் யாரென்றே தெரியாது. அங்கேயே இப்படி என்றால், வகுப்பில் நாற்பது பேரும் ஒரே பாட்டைப் பாடி, நண்பர்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைத்து, கல்ச்சுரல்ஸ் மேடையில் அதற்கு ஆடும்போது, "எனக்கு இந்த வரி பிடிக்கலை" என்று சொல்ல ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு திராணி வேண்டும்! அவளையே குறிவைத்து எழுதப்பட்ட வரிக்கு அவளும் கைதட்டிச் சிரித்தாக வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால் 'பழம்' என்ற பட்டம் வரும்.

சோதனைச் சாலையை விட்டு வெளியே வந்து, நிஜ வாழ்க்கையில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளுக்கு வருவோம். இவற்றில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக ஸ்டீவன் மார்ட்டினோ குழுவினர் செய்தது. 12 முதல் 17 வயது வரையான 1,461 பிள்ளைகளைத் தொலைபேசியில் பேட்டி கண்டார்கள். 2001-இல் தொடங்கி, மறு ஆண்டும், பிறகு 2004-லும் அதே பிள்ளைகளை அழைத்துப் பேசினார்கள். எந்தெந்தக் கலைஞர்களை எவ்வளவு கேட்கிறார்கள், உடலுறவு அனுபவம் எந்த அளவில் என்று கேட்டார்கள். 2006-இல் முடிவு வெளியானது.

இந்த ஆய்வின் அருமை, அவர்கள் பாடல்களைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. காமம் பேசும் பாட்டு, பேசாத பாட்டு என்று இரண்டாகப் பிரித்து நிறுத்தியிருந்தால் அது வழக்கமான ஆய்வு. காமம் பேசும் பாட்டையே அவர்கள் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். ஆணைத் தணியாத வேட்கை கொண்டவனாகவும் பெண்ணை அவன் பயன்படுத்திவிட்டுப் போகும் பண்டமாகவும் காட்டும் பாட்டு ஒரு பக்கம். இருவரும் விரும்பி நெருங்குவதைப் பாடும் பாட்டு இன்னொரு பக்கம். இழிவுபடுத்தும் வகையை அதிகம் கேட்ட பிள்ளைகளுக்கு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் உடலுறவைத் தொடங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆண் பெண் இருபாலரிலும் அப்படித்தான். இழிவுபடுத்தாத வகையைக் கேட்டவர்களிடம் அந்தத் தொடர்பே தென்படவில்லை. அந்தப் பாட்டிலும் காமம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இழிவு வகைப் பாட்டு எவ்வளவு பரவலானது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பிரையன் பிரைமாக் குழுவினர் அமெரிக்காவில் 2005-இல் மிகப் பிரபலமான 279 பாடல்களை வரிவரியாக அலசினார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் உடலுறவைப் பேசின. அப்படிப் பேசியவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இழிவு வகையில் விழுந்தன. அதாவது, காமத்தைப் பற்றிப் பாட்டு வழியாகத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, மரியாதையோடு பேசும் பாட்டைவிட மரியாதையில்லாமல் பேசும் பாட்டுதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

மறுப்பு வராமல் இருக்குமா? அந்தப் பக்கம் ஏற்கெனவே நாட்டமுள்ள பிள்ளைதானே அந்தப் பாட்டைத் தேடிப் போகும், பாட்டின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள் என்பது நியாயமான கேள்வி. ராண்ட் குழுவினர் பெற்றோர் கண்காணிப்பு, நண்பர்கள், படிப்பு போன்ற பல காரணிகளைக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அப்படிக் கழிப்பதே போதாது என்றார் பதின்பருவ மூளை ஆய்வில் பெரிய பெயரான லாரன்ஸ் ஸ்டைன்பர்க். வட கரோலினாவில் ஜேன் பிரவுன் என்ற ஆய்வாளர் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளிடம் திரட்டிய தகவல்களை ஸ்டைன்பர்க்கும் கேத்ரின் மோனஹனும் எடுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சி, திரைப்படம், பாட்டு, பத்திரிகை எல்லாவற்றிலும் காமச் சித்திரிப்பை அதிகம் பார்க்கும் பிள்ளைகள் சீக்கிரம் உடலுறவுக்குள் நுழைகிறார்கள் என்று பிரவுன் சொல்லியிருந்த தகவல்கள் அவை. ஸ்டைன்பர்க்கும் மோனஹனும் குடும்பம், படிப்பு, நண்பர், குணம் எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் பிள்ளைகளை ஜோடி சேர்த்தார்கள்; ஜோடியில் ஒருவர் அதிகம் பார்ப்பவர், மற்றவர் குறைவாகப் பார்ப்பவர். இப்படி ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. முதலில் ஆய்வு செய்தவர்கள் இதை ஏற்கவில்லை. அறிவியல் இதழ்களில் வாதம் நடந்தது.

அதற்குப் பிறகும் ஆய்வுகள் வந்தன. சாரா கோய்னும் லாரா பாடிலா வாக்கரும் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 548 பிள்ளைகளை ஓராண்டு இடைவெளியில் பார்த்தார்கள். தொடக்கத்தில் எவ்வளவு முரட்டுத்தனம் இருந்தது என்பதைக் கழித்த பிறகும், வன்மையான பாட்டைக் கேட்டவர்களிடம் வன்மை சற்றுக் கூடியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன். பாட்டின் பாதிப்பு உண்டு, ஆனால் அது சிறியது. வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசும் தொனி, நண்பர் வட்டம், பிள்ளையின் கைபேசியில் வேறு என்ன ஓடுகிறது என்பவற்றின் பங்கோடு பார்த்தால் பாட்டு பின்வரிசைதான். ஒரு பாட்டு ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். அதே சமயம், சிறிய பாதிப்பு லட்சக்கணக்கான பிள்ளைகள் மேல், தினமும் மணிக்கணக்கில் படியும்போது சமூகத்துக்கு அது சிறியதாக இருக்காது.

வாதம் எப்படி முடிந்தாலும் ராண்ட் ஆய்வின் அந்தப் பிரிவினை எனக்குப் பெரிய வெளிச்சமாகத் தெரிகிறது. நம் ஊரில் பாட்டைப் பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் "ஆபாசம்" என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் சண்டை போடுகிறோம். உடலைப் பேசினால் ஆபாசம், மூடினால் சுத்தம். இந்த அளவுகோலை வைத்தால் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி தேறாது. குறுந்தொகைத் தலைவி தேறமாட்டாள். வள்ளுவர் 250 குறள் எழுதிய காமத்துப்பாலைப் பள்ளியில் பெரும்பாலும் தொடாமல் அறத்தோடும் பொருளோடும் நிறுத்திக்கொள்கிறோமே, அதற்கும் இந்த அளவுகோல்தான் காரணம். அந்தப் பாடல்களில் உடல் இருக்கிறது, தாபம் இருக்கிறது, ஒளிவுமறைவில்லாத ஆசை இருக்கிறது. பேசுகிறவள் பெரும்பாலும் பெண். அவளுக்கு வாய் இருக்கிறது, விருப்பம் இருக்கிறது, ஊடவும் கோபிக்கவும் உரிமை இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத பாட்டு ஒன்று இழிவு வகையில் கச்சிதமாகப் பொருந்திவிடும். 2011-இல் 'ஒய் திஸ் கொலவெறி' உலகம் சுற்றியபோது, காதலில் தோற்றவன் புலம்பும் பாட்டுக்கு 'சூப் பாடல்' என்ற பெயர் தமிழில் நிலைத்தது. அந்தப் பாட்டு மென்மையான புலம்பல்தான். அதன் முன்னும் பின்னும் வந்த கூட்டத்தைப் பாருங்கள்: அவள் மறுத்துவிட்டாள், ஆகவே பெண் இனமே துரோகி, அவளால்தான் நான் குடிக்கிறேன், அவளை நம்பியவன் உருப்படமாட்டான். பள்ளி வாசலிலிருந்து வீடு வரை பின்னாலேயே போவதைக் காதலின் இலக்கணமாகப் பாடும் பாட்டுகள் இன்னொரு கூட்டம். அவள் "வேண்டாம்" என்பது பாட்டின் முதல் சரணத்தில். இரண்டாவது சரணத்துக்குள் சிரித்துவிடுகிறாள். இவற்றை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம். பீப் போட ஒரு சொல்லும் இல்லாததால் எவருக்கும் உறுத்துவதில்லை. ஒரு பெண்ணின் மறுப்புக்கு மதிப்பில்லை என்று பதிமூன்று வயதுப் பையனுக்கு இதைவிடத் தெளிவாக எந்தக் குத்துப்பாட்டும் சொல்லித்தர முடியாது.

எந்தப் பாட்டு உறுத்துகிறது என்பதில் நம் காதும் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. கேரி ஃபிரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1996-இல் இதைப் பிடித்துக் காட்டினார். காவலரைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றிய வரிகளை மக்களுக்குப் படிக்கக் கொடுத்தார். உண்மையில் அவை 1960-இல் வெள்ளையர் குழு ஒன்று பாடிய நாட்டுப்புறப் பாணிப் பாடலின் வரிகள். சிலரிடம் இது ராப் பாட்டு என்றார், சிலரிடம் கன்ட்ரி பாட்டு என்றார். ஓர் எழுத்து மாறவில்லை. ராப் என்று நம்பியவர்களுக்கும், பாடியவர் கறுப்பினத்தவர் என்று நினைத்தவர்களுக்கும் அதே வரிகள் ஆபத்தானவையாகத் தெரிந்தன. எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியது. இருபது ஆண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும் ராப் என்ற பெயருக்கே அந்தக் கடுமை வந்தது. வடசென்னையின் கானாவைக் கேட்டதும் மூக்கைச் சுளிப்பவர்கள், அதே கருத்தை வயலின் பின்னணியில் நாயகன் மழையில் நின்று பாடினால் கண்கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பாட்டைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு ஏழைகளின் குரலை மட்டும் அடக்கிவிடும் ஆபத்து இதில் எப்போதும் இருக்கிறது.

எச்சரிக்கைச் சீட்டு என்றதும் அதன் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' ஆல்பத்தைத் தன் 11 வயது மகளுக்கு வாங்கிக் கொடுத்த டிப்பர் கோர், அதில் ஒரு பாட்டின் வரிகளைக் கேட்டு அதிர்ந்துபோனார். அவர் கணவர் அல் கோர் அப்போது செனட் உறுப்பினர். வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவியர் சேர்ந்து 1985-இல் ஒரு பெற்றோர் அமைப்பைத் தொடங்கினார்கள். செப்டம்பர் 19-இல் செனட் குழு முன் விசாரணை நடந்தது. ஃபிராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் என்று சம்பந்தமே இல்லாத மூன்று இசைக்காரர்கள் ஒன்றாக வந்து எதிர்த்துப் பேசினார்கள். கடைசியில் இசை நிறுவனங்களே முன்வந்து சீட்டு ஒட்டச் சம்மதித்தன. 1990-இல் அதற்கு ஒரே மாதிரிக் கறுப்பு வெள்ளை வடிவம் வந்தது. இன்று ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பெயர் பக்கத்தில் நிற்கும் 'ஈ' எழுத்து அதன் வாரிசு.

சீட்டைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆசை கூடும் என்று பலரும் பயந்தார்கள். பீட்டர் கிறிஸ்டன்சன் 1992-இல் நடுநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரே இசையைச் சீட்டோடும் சீட்டில்லாமலும் காட்டிப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. சீட்டு ஒட்டியது கொஞ்சம் குறைவாகவே பிடித்தது. ஆனால் இன்றைக்கு இந்த விவாதம் பழங்கதை. சீட்டு ஒட்டிய கேசட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிய காலம் வேறு. நம் ஊரில் படத்துக்குத்தான் தணிக்கை. 2024 முதல் 7+, 13+, 16+ என்ற வயதுப் பிரிவுகளும் வந்துவிட்டன. படத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே யூடியூபில் இறங்கும் 'லிரிக்கல் வீடியோ' அந்த வாசலுக்கே போவதில்லை. தணிக்கையில் சொல் வெட்டப்படும் நேரத்தில் ஊரே அதைப் பாடி முடித்திருக்கும். சட்டத்தை நம்பிக் காத்திருப்பதில் பலனில்லை என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

பாட்டு கெட்டதற்கு மட்டும் தூண்டும் என்று எண்ணிவிட வேண்டாம். பிரான்சில் நிக்கோலா கெகென் குழுவினர் 18 முதல் 20 வயதுப் பெண்களை ஒரு காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். சிலர் காத்திருந்தபோது பின்னணியில் காதல் பாட்டு. சிலருக்குக் காதல் வாசமில்லாத பாட்டு. பிறகு ஓர் இளைஞன் அவர்களிடம் பேசி, தொலைபேசி எண் கேட்டான். காதல் பாட்டு காதில் விழுந்தவர்களில் 52 விழுக்காட்டினர் எண்ணைக் கொடுத்தார்கள். மற்றவர்களில் 28 விழுக்காட்டினர். பிறருக்கு உதவுவதைப் பாடும் பாட்டைக் கேட்டவர்கள், கையில் கிடைத்த சன்மானத்திலிருந்து அதிகம் நன்கொடை போட்டார்கள் என்று காட்டியவர், மிளகாய் சாஸ் சோதனை செய்த அதே கிரைட்டமையர். 2015-இல் அவர் இன்னொரு படி போனார். பெண்ணைச் சமமாகப் பாடும் பாடல்களைப் போட்டுப் பார்த்தார். கேட்டவர்களுக்குப் பெண்களைப் பற்றிய எண்ணமும் அவர்களிடம் நடந்துகொள்ளும் விதமும் சீரடைந்தன. எந்தக் கதவு வழியாக இழிவு உள்ளே போகிறதோ, அதே வழியாக மரியாதையும் போகிறது.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, பாட்டை நிறுத்தாதீர்கள் என்பதுதான். பட்டென்று அணைத்தால் பிள்ளை ஹெட்போனுக்குள் போய்விடும். பிறகு அது என்ன கேட்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. தொலைக்காட்சி வன்முறை பற்றிய ஆய்வுகளில், தடை போட்டவர்களைவிடக் கூட உட்கார்ந்து பார்த்து அதைப் பற்றிப் பேசிய பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் நல்ல பலன் தெரிந்தது. பேச வேண்டும் என்றால் பிரசங்கம் வேண்டாம். "இந்தப் பொண்ணுக்கு ஒரு சரணம் குடுத்தா அவ என்னடா பாடுவா?" என்று காரில் போகும்போது ஒரு கேள்வி போதும். மகன் முதலில் "அய்யோ அம்மா, விடுங்க" என்பான். சில பிள்ளைகள் யோசிக்கவும் செய்யும்; அவளுக்குக் கொடுக்க அந்தப் பாட்டில் இடமே இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மகளிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். அந்த வரி தனக்கு வலிக்கிறது என்று வீட்டிலாவது அவள் சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் சொல்ல முடியாததை வேறு எங்கே சொல்வாள்?

பள்ளிகளிடம் என் கோரிக்கை இன்னும் சின்னது. ஆண்டு விழா மேடையில் ஏழெட்டு வயதுக் குழந்தைகள், பளபளக்கும் உடையில், தாங்கள் ஆடுவது எதற்கென்றே தெரியாத வரிகளுக்கு இடுப்பை அசைக்க, முன்வரிசையில் பெரியவர்கள் கைபேசியில் படம் பிடிப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அந்தப் பாட்டைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கவில்லை. டான்ஸ் மாஸ்டர் சொல்கிறார், பள்ளி தலையாட்டுகிறது. ஒத்திகை தொடங்குவதற்கு முன், பாட்டின் வரிகளைத் தாளில் எழுதி, மெட்டை எடுத்துவிட்டு, ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஐந்து நிமிட வேலை. வாசித்து முடித்த பிறகும் அந்தப் பாட்டே வேண்டும் என்று தோன்றினால், தாளில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, அதை அழைப்பிதழோடு பெற்றோருக்கும் அனுப்பி வைக்கலாம்.